சட்டம் வைத்த தேவை, வெயில் தந்த அளிப்பு

2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு சான்றிதழ் 600 டாலருக்கு மேல் விலைபோனது. அடுத்த ஆண்டு அதே வகைச் சான்றிதழை 100 டாலருக்கும் குறைவாகக் கேட்டார்கள். அது நிறுவனப் பங்கு இல்லை, மின்னிலக்க நாணயமும் இல்லை. கூரையில் பொருத்திய சூரியத் தகடுகள் 1,000 கிலோவாட் மணி மின்சாரம் தயாரித்தால் கிடைக்கும் ஒரு சான்று, அவ்வளவுதான். இந்த இடைவெளியில் வெயில் குறையவில்லை. தகடுகள் பழுதாகவில்லை. மக்கள் மின்சாரம் பயன்படுத்துவதையும் விட்டுவிடவில்லை. பிறகு விலை மட்டும் ஏன் அப்படி விழுந்தது?

பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி சில வாரங்களாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. படிவம் ஆறிலிருந்து நாம் வரைந்து பழகிய படம் ஒன்று உண்டு. தேவைக் கோடு கீழே இறங்கும், அளிப்புக் கோடு மேலே ஏறும், இரண்டும் பெருக்கல் குறி போல ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இடம்தான் விலை. தேர்வில் அதை வரைந்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடும். நியூ ஜெர்சியின் சூரியச் சான்றிதழ்ச் சந்தையில் அந்தப் படம் உதவாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை என்றால் ஏறும், இறங்கும் என்று சொல்லி இந்த வீழ்ச்சியைக் கடந்துபோக முடியாது. இந்தப் பொருளுக்கான தேவையை உண்டாக்கியதே அரசாங்கம். தேவையைச் சட்டத்தில் எழுதியவர்கள், சான்றிதழ் மிஞ்சிப்போனால் என்ன செய்வது என்பதையும் அதே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் பலர் சொந்த வீட்டுக் கூரையை மட்டுமே வைத்திருந்த சாதாரணக் குடும்பத்தினர்.

மின்சாரம் ஒன்று, சான்றிதழ் வேறு

நியூ ஜெர்சி அமெரிக்காவின் சிறிய மாநிலங்களில் ஒன்று. வடகிழக்குக் கரையோரத்தில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டும் இடம். அப்படிப்பட்ட மாநிலம் பல ஆண்டுகள் கலிபோர்னியாவுக்கு அடுத்தபடியாக அதிகச் சூரிய மின்திறன் கொண்ட மாநிலமாக இருந்தது. வெயிலை நம்பி வந்த பெருமை இல்லை இது; சான்றிதழை நம்பி வந்தது.

கூரையில் தகடு பொருத்திய ஒருவருக்கு அங்கே இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, மின்சாரம். அதை வீட்டிலேயே பயன்படுத்தலாம், மிஞ்சியதை மின்கம்பிக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, ‘இந்த 1,000 கிலோவாட் மணி சூரியனிலிருந்து வந்தது’ என்று சொல்லும் உரிமை. அந்த உரிமைதான் சான்றிதழ். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதை அங்கே ‘எஸ்ரெக்’ என்கிறார்கள். கையில் பிடிக்கும் தாள் எதுவும் கிடையாது. மின்கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம் என்ற அமைப்பின் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருக்கும். மின்சாரத்தை வைத்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் விற்றுவிடலாம்.

யார் வாங்குவார்கள்? மாநிலத்தில் மின்சாரம் விற்கும் நிறுவனங்கள். ‘நீங்கள் விற்கும் மின்சாரத்தில் இவ்வளவு பங்கு சூரியனிலிருந்து வர வேண்டும்’ என்று சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஒவ்வோர் ‘எரிசக்தி ஆண்டும்’ ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடியும். அந்த ஆண்டுக்குரிய எண்ணிக்கையில் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க முடியாதவர்கள் ஒவ்வொரு குறைவுக்கும் ஒரு மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும். 2009 எரிசக்தி ஆண்டில் அந்தக் கட்டணம் 711 டாலராக இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் சிறிது குறைந்துகொண்டு வரும்படி அட்டவணை போட்டிருந்தார்கள்.

இந்த மாற்றுக் கட்டணத்தைக் கவனியுங்கள். 675 டாலர் கட்டித் தப்பிக்கலாம் என்றால் யாராவது ஒரு சான்றிதழுக்கு 700 டாலர் கொடுப்பார்களா? மாட்டார்கள். ஆகவே அதுதான் விலையின் கூரை. சட்டம் கூரை போட்டது. தரை போடவில்லை.

இரண்டு செங்குத்துக் கோடுகள்

2010இல் வந்த சட்டம் ஒன்று, எந்த ஆண்டுக்கு எத்தனை சான்றிதழ் தேவை என்பதை எண்ணாகவே எழுதி வைத்தது. 2011 எரிசக்தி ஆண்டுக்கு 306 ஜிகாவாட் மணி, அதாவது 306,000 சான்றிதழ். 2012க்கு 442,000. 2013க்கு 596,000. இப்படியே 2026 வரை அட்டவணை நீளும். விலை பத்து டாலரானாலும் அறுநூறு டாலரானாலும் இந்த எண் மாறாது. படத்தில் போட்டால் தேவைக் கோடு கம்பம் போல நேராக நிற்கும்.

அளிப்பும் அப்படித்தான். தகட்டை வாங்கிக் கூரையில் ஏற்றும்வரைதான் செலவு. ஏற்றிய பிறகு வெயில் இலவசம். சான்றிதழ் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக யாரும் தகட்டின் மேல் போர்வை போட்டு மூடப்போவதில்லை. ஒருமுறை பொருத்திய தகடு 15 ஆண்டுகளுக்குச் சான்றிதழ் தந்துகொண்டே இருக்கும். ஆக, இன்னொரு கம்பம்.

நம் ஊர் டுரியான் பருவத்தை நினைத்துப் பாருங்கள். மரம் நட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் காய்க்கும். காய்க்கத் தொடங்கிவிட்டால், ‘விலை இறங்கிவிட்டதே’ என்று மரம் பழத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அந்த அளவில் டுரியான் மரமும் சூரியத் தகடும் ஒன்றுதான். ஆனால் டுரியான் மலிந்தால் சாலையோரக் கடைகளில் கூட்டம் கூடும். ஒரு பழம் வாங்க வந்தவர் மூன்று பழம் வாங்கிப் போவார். அந்தக் கூட்டம் விலையை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். சூரியச் சான்றிதழ் மலிந்தால் எந்தக் கூட்டம் வரும்? சட்டம் கேட்ட எண்ணுக்கு மேல் ஒன்று வாங்கினாலும் மின் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு அதனால் பயனில்லை. அடுத்த ஆண்டுக்காகச் சேமித்து வைக்கலாம் என்ற ஒரே காரணத்தால்தான் விலை சுழியத்தைத் தொடாமல் நிற்கிறது.

கம்பங்கள் இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும்? வெட்டிக்கொள்வதே இல்லை. அளிப்புக் கம்பம் தேவைக் கம்பத்துக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றால் பற்றாக்குறை, விலை கூரையைத் தொடும். ஓரடி அந்தப் பக்கம் தள்ளி நின்றால் மிகை, விலை பள்ளத்தில் விழும். நடுவில் ‘நியாயமான விலை’ என்று நிற்க இடமே கிடையாது. 600 டாலரையும் 100 டாலரையும் பிரித்தது மக்களின் மனநிலை மாற்றம் என்று சொல்வதைவிட இந்த ஓரடி என்று சொல்வதே பொருத்தம்.

எல்லாரும் ஒரே விலையைப் பார்த்தார்கள்

2011க்கு முன் சில ஆண்டுகள் சான்றிதழ் பற்றாக்குறை இருந்தது. விலை கூரைக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்போது ஒரு குடும்பத்தின் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று போட்டுப் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 கிலோவாட் மணி தரும். பத்துக் கிலோவாட் அமைப்பு என்றால் ஆண்டுக்கு 12 சான்றிதழ். 600 டாலர் வீதம் 7,200 டாலர். மின்கட்டணச் சேமிப்பு இதற்கு மேல் தனி. கடன் வாங்கியாவது போடலாம் என்று தோன்றுமா, தோன்றாதா?

அதே நேரத்தில் வேறு இரண்டு காற்றுகளும் ஒரே திசையில் வீசின. தகடுகளின் விலை உலகமெங்கும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க மத்திய அரசாங்கம், 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, வணிக நோக்கில் கட்டப்படும் சூரிய மின் திட்டங்களுக்கு வரிச்சலுகைக்குப் பதிலாகச் செலவில் 30 விழுக்காட்டை ரொக்கமாகவே கொடுத்தது. அந்தத் திட்டம் 2011 டிசம்பரில் முடியப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசிநாள் என்று ஒன்றை அறிவித்தால் என்ன ஆகும் என்பது இடுபணியைக் கடைசி இரவில் அனுப்பும் நமக்குத் தெரியாததா? கிடங்குகள், பள்ளிகள், வாகன நிறுத்துமிடங்கள், பண்ணை நிலங்கள் என்று எல்லா இடத்திலும் தகடுகள் ஏறின.

2011 முடிவதற்குள் மாநிலத்தின் சூரிய மின்திறன் 500 மெகாவாட்டைத் தாண்டியது. சரியாக 500 என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 லட்சம் சான்றிதழ். 2012 எரிசக்தி ஆண்டுக்குச் சட்டம் கேட்டது 442,000. அடுத்த ஆண்டுக்குக் கேட்ட 596,000ஐக்கூட அந்தத் திறன் எட்டிப் பிடித்துவிட்டது. கட்டி முடிக்காமல் வரிசையில் நின்ற திட்டங்கள் வேறு. இந்தக் கணக்கைப் போட உயர்கணிதம் வேண்டாம். சந்தையில் இருந்தவர்கள் போட்டார்கள். விலை விழுந்தது.

பொருளியலில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: சிலந்திவலை மாதிரி. இந்த ஆண்டு பன்றி இறைச்சி விலை உயர்ந்தால் பண்ணையாளர்கள் எல்லாரும் குட்டிகளை அதிகம் வளர்ப்பார்கள். அவை வளர்ந்து சந்தைக்கு வரும்போது விலை சரியும். அதைப் பார்த்து எல்லாரும் குறைப்பார்கள். மறுபடி விலை ஏறும். நேற்றைய விலையைப் பார்த்து இன்று முடிவெடுத்து நாளை விற்பதால் வரும் வினை. ஆனால் பன்றிப் பண்ணையாளருக்கு அடுத்த ஆண்டு குறைத்துக்கொள்ளும் வசதியாவது உண்டு. கூரையில் ஏறிய தகடு இறங்கி வராது. ஆகவே இங்கே மிகை தானாகக் கரைவதற்கு ஒரே வழி, சட்டத்தின் அட்டவணை மேலே ஏறி வந்து அதை எட்டிப் பிடிப்பதுதான்.

யாருக்கு வலித்தது?

மேலே சொன்ன பத்துக் கிலோவாட் குடும்பத்தின் 7,200 டாலர், 100 டாலர் விலையில் 1,200 டாலராகிவிடும். கடனுக்கான மாதத் தவணை மட்டும் குறையாது.

பெரிய நிறுவனங்களில் பல இதைச் சமாளித்தன. வங்கி கடன் கொடுக்கும்போதே ‘சான்றிதழ் விற்பனைக்கு ஒப்பந்தம் எங்கே?’ என்று கேட்கும். அதனால் பெரிய திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விலை பேசி விற்றிருந்தன. பிஎஸ்இ அண்ட் ஜி என்ற மின் நிறுவனம் 2008இல் தொடங்கிய சூரியக் கடன் திட்டத்தில் சேர்ந்தவர்களும் ஓரளவு தப்பித்தார்கள். கடனைப் பணமாகத் திருப்பித் தராமல் சான்றிதழாகத் தரலாம்; அந்தச் சான்றிதழுக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றையும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். தரை எங்கே இருந்ததோ அங்கே நின்றவர் விழவில்லை. அன்றன்றைய விலைக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள்தாம் விழுந்தார்கள். எட்டு, பத்துச் சான்றிதழ் கையில் வைத்திருக்கும் வீட்டுக்காரருடன் உட்கார்ந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் பேச எந்த மின் நிறுவனத்துக்கு நேரம் இருக்கும்?

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. சான்றிதழ் வாங்கும் செலவை மின் நிறுவனங்கள் சொந்தப் பணத்திலிருந்து தருவதில்லை, மின்கட்டணத்தில் ஏற்றிவிடுகின்றன. 306,000 சான்றிதழ்களையும் 600 டாலருக்கு வாங்கினால் 183 மில்லியன் டாலருக்கு மேல். 442,000 சான்றிதழ்களை 100 டாலருக்கு வாங்கினால் 44 மில்லியன்தான். அதிகச் சூரிய மின்சாரம், குறைந்த செலவு. கூரையே இல்லாத அடுக்குமாடி வாடகைக் குடும்பத்துக்கு இந்த வீழ்ச்சி நல்ல செய்திதானே? வசதியுள்ளவர் வீட்டுக் கூரைக்கு அந்தக் குடும்பம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 600 டாலர் உண்மையிலேயே அதிகம். அந்த விலை நீடித்திருந்தால் பயனீட்டாளர்கள் தலையில் பெரிய சுமை விழுந்திருக்கும். ஆனால் அந்த 600ஐ நிர்ணயித்தது யார்? தகடு போட உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று யாரும் கணக்குப் பார்த்து வைத்த விலை இல்லை அது. மாற்றுக் கட்டணம் அங்கே இருந்தது, பற்றாக்குறை விலையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. பற்றாக்குறை ஆண்டுகளில் பயனீட்டாளர் தேவைக்கு மேல் கொடுத்தார். மிகை ஆண்டுகளில் வீட்டுக்காரர் நட்டப்பட்டார். ஒருவரின் நட்டம் மற்றவருக்கு அப்படியே திரும்பிப் போய்ச் சேரவும் இல்லை. விலை எங்கே போகும் என்று தெரியாத இடத்தில் கடன் கொடுப்பவர் அதிக வட்டி கேட்பார், முதலீடு செய்பவர் அதிக லாபம் கேட்பார். அந்தக் கூடுதல் தொகை சூரியனுக்கும் போகவில்லை, குடும்பத்துக்கும் போகவில்லை. நிச்சயமின்மைக்குக் கட்டிய வாடகை அது.

தகடு பொருத்தும் வேலையில் இருந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2013இல் மாநிலத்தில் புதிதாகப் பொருத்திய திறன் 2012ஐவிடக் குறைந்தது. ஓராண்டு ஆள் போதவில்லை, அடுத்த ஆண்டு வேலை போதவில்லை என்ற நிலையில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள எந்த இளைஞர் துணிவார்?

பக்கத்து மாநிலங்கள் என்ன செய்தன?

2012 ஜூலை 23 அன்று ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பின்னால் வரவேண்டிய தேவையை முன்னுக்கு இழுத்தார்கள். 2014 எரிசக்தி ஆண்டுக்கு 2.05 விழுக்காடு என்று தொடங்கி, எண்ணுக்குப் பதில் விழுக்காடு வைத்தார்கள். மாற்றுக் கட்டணத்தை ஏறக்குறையப் பாதியாக, 339 டாலராக இறக்கினார்கள். சான்றிதழின் ஆயுளை ஐந்தாண்டாக நீட்டினார்கள். விலை மெதுவாக ஏறி, சில ஆண்டுகளில் 200 டாலரைத் தாண்டியது. நோய் குணமானது என்று சொல்லலாமா? மருந்தைச் சட்டமன்றம்தான் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். மிகை வரும் ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தின் வாசலில் போய் நிற்க வேண்டிய சந்தை அது.

மாசசூசெட்ஸ் மாநிலம் இதே முறையை 2010இல் தொடங்கியபோது வேறு விதமாக யோசித்தது. அங்கே அடுத்த ஆண்டுக்கான தேவை, முந்தைய ஆண்டுகளின் அளிப்பைப் பார்த்துச் சூத்திரத்தின்படி மாறும். அதாவது தேவைக் கம்பத்துக்குச் சக்கரம் வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். ஆண்டு முடிவில் விற்காமல் மிஞ்சிய சான்றிதழ்களை 300 டாலர் என்ற நிலையான விலையில் ஏலத்துக்கு விடலாம். கட்டணம் போக விற்பவருக்கு 285 டாலர். முதல் சுற்றில் வாங்க ஆளில்லையா? சான்றிதழின் ஆயுளைக் கூட்டுவார்கள். அப்போதும் ஆளில்லையா? அடுத்த ஆண்டின் கட்டாய அளவையே அந்த மிகைக்கு ஏற்ப உயர்த்துவார்கள். மிஞ்சினால் என்ன என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே பதில் எழுதி வைத்த சட்டம் இது.

அதற்காக மாசசூசெட்ஸில் எல்லாம் இனித்தது என்று நான் சொல்லவில்லை. 285 டாலர் உத்தரவாதம் கிடையாது. ஏலம் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் அதற்குக் குறைவாக விற்ற நாட்களும் உண்டு. தேவை அளிப்பின் பின்னாலேயே ஓடியதால் பயனீட்டாளர் சுமையும் கூடியது. முதல் கட்டத்தின் 400 மெகாவாட் வரம்பை நிரப்ப 2013இல் விண்ணப்பங்கள் குவிந்து வரம்பைத் தாண்டின. இரண்டாம் கட்டம் வந்தது. கடைசியில் 2018 நவம்பரில், குறித்த விலை கொடுத்து, அந்த விலையைப் படிப்படியாக இறக்கும் வேறொரு திட்டத்துக்கு அவர்களும் மாறினார்கள். ஆனாலும் நியூ ஜெர்சியில் நடந்தது போன்ற தலைகுப்புற வீழ்ச்சி அங்கே நடக்கவில்லை என்பது என் வாதத்துக்குப் போதும்.

பென்சில்வேனியா இன்னொரு வகை. அது வெளிமாநிலக் கூரைகளின் சான்றிதழ்களையும் ஏற்றுக்கொண்டது. தேவை சொந்த ஊருக்கு, அளிப்பு ஊர் ஊராக. விலை பல ஆண்டுகள் தரையில் கிடந்தது. 2017இல்தான் புதிய திட்டங்களுக்கு மாநில எல்லையை மூடினார்கள். வாஷிங்டன் டி.சி. நேர் எதிர். வெளியூர்ச் சான்றிதழுக்கு 2011இலேயே கதவடைத்தது. நகரத்துக்குள் தகடு போட இடமோ குறைவு, மாற்றுக் கட்டணமோ 500 டாலர். அங்கே விலை 400 டாலருக்கு மேல் ஆண்டுக்கணக்கில் நின்றது. பென்சில்வேனியாவின் வெயிலுக்கும் டி.சி.யின் வெயிலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சான்றிதழ் விலையில் பல மடங்கு வேறுபாடு.

அறுநூறிலிருந்து தொண்ணூறுக்கு

நியூ ஜெர்சிக் கதையின் முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மிகை மறுபடி நெருங்கியபோது, 2018 மே மாதம் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் தேவையை இன்னொரு முறை உயர்த்தியது. அதே சட்டம், மாநிலத்தில் விற்கும் மின்சாரத்தில் 5.1 விழுக்காடு சூரியனிலிருந்து வந்ததும் இந்தச் சான்றிதழ்த் திட்டத்தைப் புதியவர்களுக்கு மூட வேண்டும் என்றும் சொன்னது. 2020 ஏப்ரல் 30 அன்று கதவு மூடியது. பிறகு வந்தவர்களுக்குச் சந்தை விலை கிடையாது, நிலையான விலை. முதலில் 152 டாலரை அடிப்படையாக வைத்து, வீடுகளுக்கு அதில் 60 விழுக்காடு. 2021இல் வந்த திட்டத்தில் வீடுகளுக்குச் சான்றிதழ் ஒன்றுக்கு 90 டாலர், 15 ஆண்டுக்கு.

600 டாலர் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் ஏறிய கூரைகள் போய், 90 டாலர் கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதியில் கூரைகள் ஏறத் தொடங்கின. இதில் தகடு விலை இறங்கியதற்குப் பெரிய பங்கு உண்டு; எல்லாப் புகழையும் நிலையான விலைக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் 90 டாலரை வங்கியில் காட்டிக் கடன் கேட்கலாம். 600 டாலரைக் காட்டினால், ‘அடுத்த ஆண்டு எவ்வளவு?’ என்று கேட்பார்கள்.

இதைப் படிக்கும் மலேசிய வாசகர், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். மாதம் 300 கிலோவாட் மணிக்கு மேல் பயன்படுத்தும் வீடு என்றால், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி என்று 1.6 விழுக்காடு அதில் சேர்ந்திருக்கும். நாமும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வேறுபாடு என்னவென்றால், நியூ ஜெர்சி அளவைச் சட்டத்தில் எழுதிவிட்டு விலையைச் சந்தையிடம் விட்டது. நாம் 2011இல் விலையை எழுதினோம். செடா ஆணையம் நடத்திய அந்தத் திட்டத்தில், கூரை மின்சாரத்துக்கு இன்ன விலை, 21 ஆண்டுக்கு, என்று முதல் நாளே தெரிந்துவிடும். மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. ஆனால் நிதிக்கு அளவு உண்டு, அதனால் ஒதுக்கீட்டுக்கும் அளவு உண்டு. ஒதுக்கீடு திறந்தால் விண்ணப்பிப்பவர்கள் முந்திக்கொள்ள வேண்டும். பற்றாக்குறை எங்கும் மறைந்துவிடவில்லை; அங்கே விலையில் தெரிந்தது, இங்கே வரிசையில் தெரிந்தது. வரிசையில் யார் முந்துவார்கள் என்பதும் நியாயம் சார்ந்த கேள்விதான். தகவல் முதலில் கிடைத்தவர், படிவம் நிரப்ப ஆள் வைத்திருப்பவர், முன்பணம் கையில் உள்ளவர்.

இப்போது நம் வட்டாரத்திலும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்கள் விற்பனையாகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவற்றைப் பெரும்பாலும் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் இலக்குக்காகத் தாமாகவே வாங்குகின்றன. வாங்காவிட்டால் தண்டம் இல்லை. கட்டாயத் தேவை இருந்த நியூ ஜெர்சியிலேயே விலை அப்படி ஆடியது என்றால், தாமாக வரும் தேவை எவ்வளவு ஆடும் என்பதை, நாளை இந்தத் துறையில் வேலைக்குப் போகப்போகும் நாம் இப்போதே கேட்டு வைக்கலாம். ‘சான்றிதழ் வருமானம் இவ்வளவு’ என்று ஒரு விற்பனையாளர் வீட்டு வாசலில் வந்து அட்டவணை காட்டினால், அந்த எண்ணின் கீழே தரை இருக்கிறதா, அதை யார் கையெழுத்திட்டுத் தருகிறார்கள் என்று கேளுங்கள். தாத்தா பாட்டியின் சேமிப்புப் பணம் அதில் போகிறதென்றால் இரண்டு முறை கேளுங்கள்.

2011இல் விலை உச்சத்தில் இருந்தபோது நியூ ஜெர்சியில் பொருத்திய கூரைகளுக்கு, 15 ஆண்டுத் தகுதிக்காலம் 2026, 2027இல் முடிகிறது. அதற்குப் பிறகு அவற்றுக்குச் சூரியச் சான்றிதழ் கிடைக்காது. தகடுகள் அப்போதும் மின்சாரம் தரும், மின்கட்டணம் குறையும். அந்தக் குடும்பங்கள் முதலில் போட்ட கணக்கில் மிகச் சிறிய வரியாக இருந்தது இந்தக் கட்டணச் சேமிப்பு. விலை ஏறினாலும் இறங்கினாலும் முதல் மாதத்திலிருந்து கைக்கு வந்துகொண்டிருந்ததும் அதுவே.